பதின்மூன்றாவது நாற்காலி

அத்தியாயம் 11

ஒடீல் த்ரஹான் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எங்கள் பெல் ரிவ் ஊரில் பெரிய பேச்சு. நெல் ஆலை எரிந்த வழக்கைவிடப் பெரிய பேச்சு. அவளிடம் ஒரே ஒரு முறை வேகவைத்த இறால் வாங்கியவர்களுக்கும் தெரியும், அவள் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் உங்கள் முட்டிவலி, உங்கள் மாமியாரின் ஊர், உங்கள் மகன் யாரோடு சுற்றுகிறான் என்பது வரை கேட்டு வாங்கியிருப்பாள். அப்படிப்பட்டவளைப் பிடித்து ஜூரியில் உட்கார வைத்து, வீட்டில்கூட வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டது கோர்ட்டு.

போன வாரம் படிக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே இருந்த நெல் உலர்த்தும் ஆலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவலாளி செத்துப்போனார். தீ வைத்தவன் ரெமி டூசே என்று ஒரு லாரி டிரைவரைப் பிடித்தார்கள். இருபத்திரண்டு வயது. அன்றிலிருந்து ஜெயிலில்தான் இருக்கிறான்.

வழக்கு நடந்ததோ ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில். நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி வளர்க்கிற கொடுக்கு இறால்தான் எங்கள் பிழைப்பு, அது விற்பதும் யாரும் கறி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில்தான். எனக்கு வேலை இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று ஒடீல் முதல் நாளே கேட்டுப் பார்த்தாள். நீதிபதி ஆர்சனோ அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தச் சமயத்தில் இறால் வேலை இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள், அவர்களை வைத்தே வழக்கை நடத்திவிடுகிறேன் என்றார். ஒரு பல் டாக்டர் மட்டும் தூக்கினார். ஒடீல் மாட்டிக்கொண்டாள்.

அதுவும் எப்படி மாட்டினாள்? தீர்ப்புச் சொல்கிற பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகக்கூட இல்லை. பதின்மூன்றாவது நாற்காலி. யாராவது படுத்துக்கொண்டால் அந்த இடத்தில் உட்காருவதற்கான உபரி ஆள். மற்றவர்களைப் போலவே முழு வழக்கையும் கேட்க வேண்டும், ஆனால் தீர்ப்பில் வாக்கு கிடையாது. அவள் இறால் வேகவைத்து விற்கிற கொட்டகைக்கு வருகிறவர்கள் அவளை ஸ்டெப்னி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் திருப்பிக்கொடுக்கவில்லை. அதிலிருந்தே அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விடியும் முன்னே கொட்டகைக்கு வந்து, குளிர் அறையிலிருந்து மூட்டைகளை இழுத்துப் போட்டு, இறாலை அலசி, மசாலா கலந்து வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுவாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பழைய போஸ்ட் மாஸ்டர் வில்ஃப்ரெட், அவள் மேல் அடிக்கும் மிளகாய் நெடியில் நாள் முழுக்கத் தும்முவார். சாயங்காலம் மறுபடி கொட்டகை. ஐஸ் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போகும். அது அவளுக்குப் பழக்கம்தான். இந்த முறை மரத்தது விரல் மட்டுமில்லை.

அந்தக் காவலாளியின் எரிந்த பூட்ஸைப் படமெடுத்து முதல் வாரம் காட்டினார்கள். அன்று அவளால் ஒரு வாய் சோறு விழுங்க முடியவில்லை. மூன்றாம் வாரம் அதே படத்தை மறுபடி காட்டியபோது, என்ன சைஸ் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்படி யோசித்தது அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பயம்கூட முழுசாக வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேரும் தீர்ப்பை முடிவு செய்ய உள்ளே போனார்கள். ஒடீலை மட்டும் நீதிபதி நிறுத்தி வைத்தார். வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஃபோன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தீர்ப்பு வந்து நாங்கள் சொல்லும்வரை உங்கள் சத்தியம் அப்படியேதான் இருக்கிறது என்றார். ஒடீல் தலையாட்டிவிட்டு வந்தாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன்.

இனி வியாழக்கிழமை.

புனித வெள்ளிக்கு முந்தின நாள் என்றால் கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருக்கும். மறுநாள் ஊரில் ஒருவர் கறி தொட மாட்டார், எல்லோர் வீட்டு மேஜையிலும் செய்தித்தாளை விரித்து இறாலைக் கொட்ட வேண்டும். ஒடீலின் புருஷன் நோலன் வயலிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான். நோலன் சாது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பான். கல்யாணத்துக்கு ஒடீலின் அப்பா கேட்டபோதும் அதைத்தான் சொன்னான் என்று அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

கொட்டகை நோலனுடையது இல்லை. அவன் அண்ணன் க்ளோவிஸுடையது. க்ளோவிஸுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. மகன் ஹூஸ்டனில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான், இறாலைத் தட்டில் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். பதினெட்டு வருஷமாக அண்டாவுக்கு முன்னால் நிற்பது ஒடீல்தான். அதனால் க்ளோவிஸ் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்றே குடும்பத்தின் முன்னால் சொல்லிவிட்டார். இந்தப் புனித வெள்ளியன்று காலையில் யார் நின்று அடுப்பைப் பற்ற வைத்து நாளை முடித்துக் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கொட்டகை. ஆளில்லாமல் அந்த ஒரு நாள் கெட்டால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும், பிறகு கொடுப்பதற்கே ஒன்றும் இருக்காது, பேட்டன் ரூஜ் நகரத்து வியாபாரி ஒருத்தன் கேட்கிறான், சனிக்கிழமை அவனுக்கு விற்றுவிடுவேன் என்றார்.

ஜூரியில் இருப்பதற்காக ஒருவரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முதலாளிகளுக்குத்தான். மூத்தாருக்கு இல்லை.

வியாழன் காலை அந்த பேட்டன் ரூஜ்காரன் வேறு வந்து, டேப் வைத்துக் கொட்டகையை அளந்துகொண்டிருந்தான். பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு, அலசுகிற தொட்டி பக்கம் வரும்போதெல்லாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். வேறு சமயமாக இருந்தால் ஒடீல் அவனை ஒரு வழி பண்ணியிருப்பாள். அன்று பேசாமல் தொட்டியில் கையை விட்டு இறாலை அலசிக்கொண்டிருந்தாள். கையுறை போட மறந்துவிட்டாள். கொடுக்கு பட்டு விரல் நுனியில் கீறியிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

அவன் போன பிறகு க்ளோவிஸ் காபி குடிக்கக் கிளம்பினார். கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற கடை. வக்கீல், போலீஸ், சாட்சி, சாட்சியின் மச்சான் எல்லோரும் அங்கேதான் குடிப்பார்கள். அரை மணியில் திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க முடிஞ்சுதும்மா," என்றார்.

ஒடீல் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க?"

"கோர்ட்லதான். கடை முழுக்க அதே பேச்சு."

ஒடீல் தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு தோளும் தானாக இறங்கின. முடிந்தது என்ற சொல்லைக் கேட்கவே மூன்று வாரம் காத்திருந்த மாதிரி இருந்தது அவளுக்கு. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. யாரோ தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கினார்கள், அதை அவள் எட்ட நின்று பார்த்தாள், அவ்வளவுதான். தீர்ப்பு என்ன என்று கேட்டாள்.

"அது கெடக்கட்டும். உள்ள இருந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? செஞ்சானா, இல்லையா?"

"அவன் செய்யல," என்றாள் ஒடீல்.

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் அந்த இரண்டு வார்த்தையும் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. க்ளோவிஸ் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மூட்டையோடு பின்பக்கமாக வந்த நோலன் அதைக் கேட்டுவிட்டான். மூட்டையை இறக்காமலே நின்றான்.

"முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டான். "இப்பதான் கோர்ட்டு வாசல் வழியா வர்றேன். போலீஸ் வண்டி எல்லாம் அப்படியே நிக்குது. அந்தப் பையனோட அம்மா படிக்கட்டுல உக்காந்திருக்கு."

ஒடீல் மூத்தாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். கயிறு சரியாகத்தான் இருந்தது.

ஃபோன் அடித்தது.

கோர்ட்டு சேவகர் ஹெர்மன் பேசினார். போஸ்ட் மாஸ்டர் வில்ஃப்ரெட் காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே சாய்ந்துவிட்டார், மாரடைப்பு, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு இப்போதைக்கு வர முடியாது. அவர் இடத்துக்கு ஒடீல் வர வேண்டும். புது ஆள் வந்தால் பன்னிரண்டு பேரும் முதலிலிருந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் நாளைக்கும் ஆகும், சனிக்கிழமையும் ஆகலாம், மற்றவர்களோடு விடுதியில்தான் தங்க வேண்டும்.

"மாத்துத் துணி எடுத்துக்கோங்க. பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் மறந்துராதீங்க," என்றார் ஹெர்மன். நல்ல மனுஷர், எல்லாம் ஞாபகமாகச் சொல்வார். "வந்ததும் அம்மா உங்களை ஒரு கேள்வி கேப்பாங்க. நேத்து போனதுலேருந்து யார்கிட்டயாச்சும் கேஸப் பத்திப் பேசினீங்களான்னு. இல்லைன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. நேரா உள்ள போயிரலாம்."

ஒடீல் சரி என்றாள். ஃபோனை வைத்தாள். தொட்டியில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, போய் அதை மூடினாள்.

சட்டை மாற்றுவதற்காக மசாலா அறைக்குள் போனாள். ஃபோனில் ஹெர்மன் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்த நோலன், அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"அண்ணன்கிட்டப் பேசின அந்த ரெண்டு வார்த்தையப் பத்தி அங்க சொல்லாத," என்றான்.

"சத்தியம் பண்ணிட்டு நீதிபதிகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நோலன் ஒரு விஷயத்துக்கு நேராக ஆமா என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அவனுக்கு வார்த்தை கோவையாக வராது. தட்டித் தடவித்தான் சொன்னான். வேறு உபரி ஆள் கிடையாது. அவளையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் வழக்கையே கலைத்துவிடுவார்கள். வேறு ஜூரி, வேறு தேதி, இன்னும் ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை அந்தப் பையன் ஜெயிலில். அடுத்து வருகிறவர்களுக்கு அவளுக்குத் தோன்றினது தோன்றுமா என்று யார் கண்டது.

"கொட்டகை?" என்று கேட்டாள்.

"போவட்டும். ரோட்டோரமா ஒரு அண்டா வெச்சுப் பொழைச்சுக்கலாம். அந்தப் பையன இன்னொரு தடவ கோர்ட்டுல உக்கார வெக்க முடியுமா உன்னால? நீ ராத்திரியில தூங்கறதில்லன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?"

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். ஒடீலுக்கு அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தப்பாகப் போட்டிருப்பதுதான் கண்ணில் பட்டது. அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். கைக்கு அவன் சட்டைத் துணிகூடத் தெரியவில்லை.

வெளியே க்ளோவிஸ் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நோலன் இறாலைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பை மடியில்.

வண்டி வயல் ரோட்டைத் தாண்டியது. பாலம் வந்ததும் ஒடீல்தான் கேட்டாள்.

"போஸ்ட் மாஸ்டர் விழுந்தது உங்களுக்குக் கடையிலயே தெரியும். அப்படித்தானே பெரியத்தான்?"

"தெரியும்."

"அப்ப முடிஞ்சுதுன்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பொய்யா? வில்ஃப்ரெட்டுக்கு அங்க முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னு சொன்னேன். தீர்ப்பு வந்துதுன்னு என் வாயால சொன்னேனா?"

ஒடீல் காலையில் நடந்ததை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிப் பார்த்தாள். அவர் சொல்லவில்லைதான். கோபம் வர வேண்டிய இடம் அது. வரும் வரும் என்று பாலம் முடியும்வரை காத்திருந்தாள். வரவில்லை.

க்ளோவிஸ் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார், சின்னக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. அவரும் ஒரு காலத்தில் ஜூரியில் உட்கார்ந்தவர்தான், நீதிபதி என்ன கேட்பார் என்று தெரியும். அவளைப் பொய் சொல்லச் சொன்னால் பாவம். அதனால்தான் அவள் உண்மை சொல்லும்படியாக ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார். நீதிபதி கேட்பார், பேசினேன் என்று சொல்ல வேண்டியது, வீட்டுக்குப் போ என்பார்கள். நாளைக் காலையில் அடுப்பு அவள் கையில். நாளை மறுநாள் கொட்டகை அவள் பேரில்.

"உண்மையச் சொல்லப்போற. அதுல என்னம்மா கஷ்டம்?"

"அந்தப் பையன்?"

"அவனுக்கு அப்பன் ஆத்தா இருக்கு, வக்கீல் இருக்கு. கொட்டகைக்கு யாரு இருக்கா? நீ ஒருத்திதான். அந்தப் பூட்ஸ்காரன் கையில அதக் குடுத்துட்டு நான் எப்படிச் சாவேன் சொல்லு."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை. அவருக்கு அந்தக் கொட்டகையும் வேண்டும், அது ஒடீல் கையில் இருக்கவும் வேண்டும். நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்காதீர்கள், பத்து வாரமாக எழுதுகிறேன், எனக்கே தெரியவில்லை. புனித வெள்ளியன்று மண்வெட்டியைத் தொட மாட்டார். மண்ணைக் கொத்தினால் ரத்தம் வரும் என்று உண்மையாகவே நம்புகிறவர்.

கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், சட்டைப்பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து வாங்கிக்கோ என்று சொல்லி அவரும் அவள் பின்னாலேயே படியேறினார்.

ரெமியின் அம்மா படிக்கட்டில் இல்லை. உள்ளே வழக்கமான இடத்தில், முதல் பெஞ்சில், வழக்கமான நீல ஸ்வெட்டரில் இருந்தாள். மூன்று வாரமும் அந்த ஒரே ஸ்வெட்டர்தான். ஜூரிகளைப் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள் போல, எப்போதும் தரையைத்தான் பார்ப்பாள். இன்று மட்டும் ஒடீலைப் பார்த்தாள். ரெமி பெரிய காலர் வைத்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். ஜெயிலுக்குப் போகும்முன் தைத்த சட்டையாக இருக்க வேண்டும், கழுத்து அதற்குள் எங்கோ இருந்தது.

ஜூரி நாற்காலிகள் பன்னிரண்டும் காலி. அவர்களை உள்ளேயே வைத்திருந்தார்கள். ஹெர்மன் ஒடீலை முன்னால் அழைத்துக்கொண்டுபோய், கையை உயர்த்தச் சொல்லி மறுபடி சத்தியம் வாங்கினார். அவர் மூக்கிலும் மிளகாய் ஏறித் தும்மினார். யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி ஆர்சனோ அம்மாள் களைத்துப்போயிருந்தார். வந்ததற்கு நன்றி, நாளை உங்களுக்கெல்லாம் எப்படிப்பட்ட நாள் என்று தெரியும் என்று ஆரம்பித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"திருமதி த்ரஹான், நேத்து நீங்க இங்கிருந்து போனதுக்கப்புறம், இந்த வழக்கப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா?"

ஒடீல் முன்னாலிருந்த மரக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இல்லை என்றால் நோலன் சொன்னபடி. ரெமிக்கு அவள் கிடைப்பாள், அவளுக்குக் கொட்டகை கிடைக்காது, ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்னொருவன் செய்தானா செய்யவில்லையா என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் க்ளோவிஸ் சொன்னபடி. நாளைக்கு அடுப்பு. அந்த நீல ஸ்வெட்டர் இன்னொரு மூன்று வாரம் இதே பெஞ்சில். நல்ல மனசோடு பொய் சொல்லச் சொல்கிறவன் ஒருத்தன், கள்ள மனசோடு உண்மை சொல்லச் சொல்கிறவர் ஒருத்தர். இரண்டு பேருக்கு நடுவில் அவள் நிற்கிறாள், எதுவும் உறைக்காமல்.

அப்போதுதான் வலித்தது.

கம்பியை அழுத்திப் பிடித்ததில் விரல் நுனிக் கீறல் விரிந்து, நகத்துக்குள் ஒட்டியிருந்த மசாலா அதில் ஏறிவிட்டது. சுருக்கென்று ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும் எரிந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. மூன்று வாரத்தில் அவள் உடம்பில் முதல் முறையாக ஏதோ ஒன்று அவளுக்கே சொந்தமாக வலித்தது. அதோடு சேர்த்து எல்லாம் வந்தது. பூட்ஸ் படம் வந்தது, பாலத்தில் வராத கோபம் வந்தது, நோலனின் தப்பான பொத்தான் வந்தது.

"பேசினேன்," என்றாள்.

முதல் பெஞ்சில் நீல ஸ்வெட்டர் அப்படியே முன்னால் மடிந்தது. ரெமி திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். பின் பெஞ்சில் க்ளோவிஸ் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தது, வண்டியைத் திருப்ப வேண்டும். அவர் விரலில் சாவி ஆடியது.

"என்ன பேசினீங்க?"

"ரெண்டு வார்த்தை. அத இங்க சொல்லலாமான்னு தெரியல."

"வேண்டாம்," என்றார் நீதிபதி. வக்கீல்கள் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். "எப்படிப் பேச்சு வந்துச்சு? நீங்களா சொன்னீங்களா?"

"கேட்டாங்க. இங்க எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுக் கேட்டாங்க. ஜூரர் ஒருத்தர் விழுந்துட்டாரு, என்னைக் கூப்பிடப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்டாங்க."

க்ளோவிஸ் கதவுக்குப் பாதி தூரம் போயிருந்தார். அங்கேயே நின்றார். ஒடீல் உண்மை சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். அது தன் வசதிக்குப் பாதியில் நின்றுகொள்ளும் என்று நினைத்துவிட்டார்.

நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"யாரு?"

ஒடீல் கம்பியை விட்டாள். எரிகிற கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அந்தக் கையை மெதுவாக நீட்டினாள்.

"என் புருஷனோட அண்ணன். அதோ, சாவிய வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்."

ஹெர்மன் போய்க் கதவைச் சாத்தினார்.